பெயரோடு ஒரு படம்



உங்களிடம் உங்களுடைய படங்கள் எத்தனை இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எம்மில் பலருக்கு அதை எண்ண ஒரு கை விரல்கள் போதும். தேசிய அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்று. கடவுச்சீட்டுக்கு எடுத்தது ஒன்று. கலியாணப் படம் ஒன்று, அதுவும் தப்பியிருந்தால். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது அலுமாரிக்குள் இருந்த அல்பங்களும் எரிந்தன. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்டவர்கள் பிள்ளையைத் தூக்கினார்கள், உறுதியைத் தூக்கினார்கள். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவை எத்தனை, 2009 இல் வன்னியில் பதுங்குகுழிகளுக்குள் மண்ணோடு போனவை எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

வெள்ளவத்தை காலி வீதியில் இருக்கும் ஸ்டூடியோக்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து இங்குள்ள லொட்ஜ்களில் தங்கிய பெண்கள் அந்த வாங்கில் அமர்ந்துதான் படம் எடுத்தார்கள். பொலிஸ் பதிவுக்கு, கடவுச்சீட்டுக்கு, விசாவுக்கு. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, நேரே பார்க்க வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியபோதும் அவர்கள் கையில் இருந்தது அந்தச் சின்னப் படம் ஒட்டிய தாள்கள்தான். நாங்கள் யார் என்று அதிகாரிகளுக்கு நிரூபிப்பதற்காக எடுத்த படங்கள் அவை. நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்று அவற்றில் தெரியாது.

இன்னொரு வகைப் படங்களும் உண்டு. அவை எங்களிடம் இல்லை, மற்றவர்களிடம் இருக்கின்றன. முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது எடுத்தவை, நிவாரணப் பொதி வாங்கும்போது எடுத்தவை, பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்து வீதியில் அழுதபோது எடுத்தவை. அவை பத்திரிகையில் வந்தன, தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் வந்தன. அடியில் "போரால் பாதிக்கப்பட்ட பெண்" என்று எழுதியிருந்தது. "என்ர படத்தை எத்தினையோ பேர் எடுத்துக்கொண்டு போட்டினம் பிள்ளை, ஒருத்தரும் எனக்கு ஒண்டும் தரேல்லை" என்று எங்களிடம் வரும் அம்மாமார் சொல்வதுண்டு. அந்த ஆதங்கம் நியாயமானது.

ஒரு பெண்ணின் படத்தை எப்படி எடுக்க வேண்டும், எடுத்த பின் அந்தப் படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடுதான் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு புகைப்படக் கலைஞரையும் அவருடைய படங்களையும் இம்மாதம் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவருடைய பெயர் மு. பழனிக்குமார். அவரிடம் போவதற்கு முன், உலகம் முழுக்கப் பார்த்த இரண்டு படங்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

உலகறிந்த முகம், ஊரறியாத பெயர்

முதலாவது படம் 1936 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எடுக்கப்பட்டது. பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பங்கள் பயிர் அழிந்ததால் வேலையின்றிக் கூடாரங்களில் கிடந்தன. அரசாங்கத்துக்காகப் படமெடுத்த டொரத்தியா லாங்கே என்ற பெண் அங்கே ஒரு தாயைக் கண்டார். 32 வயது. இரண்டு பிள்ளைகள் அவருடைய தோள்களில் முகம் புதைத்திருக்க, மடியில் கைக்குழந்தை. கை கன்னத்தில், பார்வை எங்கோ தூரத்தில். "இடம்பெயர்ந்த தாய்" என்று அந்தப் படத்துக்குப் பெயர் வந்தது. அது பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறிடம் போய்விட்டார்.

லாங்கே அவருடைய பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்ப்சன் என்பது அவருடைய பெயர் என்று உலகத்துக்குத் தெரிய 42 ஆண்டுகள் பிடித்தன. 1978 இல் அவரைத் தேடிக் கண்டபோது, அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று மனம் நொந்து பேசினார்.

இரண்டாவது படம் 1984 இல் பாகிஸ்தானில் ஆப்கான் அகதி முகாம் ஒன்றில் எடுக்கப்பட்டது. பச்சைக் கண்களோடு கமெராவை நேரே பார்க்கும் சிறுமி. அமெரிக்கரான ஸ்டீவ் மக்கரி எடுத்த அந்தப் படம் 1985 ஜூனில் ஒரு பெரிய சஞ்சிகையின் அட்டையில் வந்தது. உலகெங்கும் சுவர்களில் தொங்கியது. அவளோ திருமணமாகி, பிள்ளைகள் பெற்று, மலைக் கிராமம் ஒன்றில் வாழ்ந்தாள். 2002 இல் தேடிப் போய்க் கண்டுபிடித்தபோதுதான் ஷர்பத் குலா என்ற அவளுடைய பெயர் வெளியே தெரிந்தது. தன்னுடைய அந்தப் படத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

இரண்டு படங்களையும் எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏழைகளின் துன்பத்தை உலகம் காணவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் துன்பம் மட்டும் தெரிந்தது, துன்பப்பட்டவர் யார் என்று தெரியவில்லை. எங்களுடைய படங்களுக்கும் இதுதானே நடந்தது?

மீன் விற்கும் அம்மாவின் மகன்

பழனிக்குமார் மதுரை மாவட்டத்தில் ஜவஹர்லால்புரம் என்ற ஊரைச் சேர்ந்தவர். அவருடைய அம்மா மீன் வியாபாரம் செய்பவர். மதுரை கரிமேட்டுச் சந்தையில் மீன் எடுத்து, ஊருக்குக் கொண்டுபோய் விற்று அந்தக் குடும்பத்தைக் கொண்டு நடத்தியவர். பாஷையூரிலோ குருநகரிலோ மட்டக்களப்பிலோ மீன் கூடையோடு விடிய முன்னம் வெளிக்கிடும் அம்மாமாரை எங்களுக்கும் தெரியும். அவர் எப்படி இருந்திருப்பார் என்று விளக்கத் தேவையில்லை.

இன்று பழனிக்குமார் 'கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகம்' என்ற அமைப்பின் புகைப்படக் கலைஞர். சுருக்கமாக 'பாரி' என்று சொல்வார்கள். மூத்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசெம்பரில் தொடங்கிய இந்தக் காப்பகம், பெரிய பத்திரிகைகளில் இடம் கிடைக்காத கமக்காரர், மீனவர், நெசவாளர், கூலித் தொழிலாளர் ஆகியோரின் கதைகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிடுகிறது.

பழனிக்குமார் தன் கமெராவை வீட்டுப் பக்கமும் திருப்பினார். மீன் விற்கும் அம்மாவைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்தார். யாரும் பணித்த வேலை அல்ல, கூலியும் இல்லை. புகைப்படக்காரர் ஒருவர் வயிற்றுப்பாட்டுக்கு எடுக்கும் படங்கள் ஒருபுறம் இருக்க, தன் மனதுக்காக எடுத்துக்கொண்டே இருக்கும் படங்கள் என்று சில இருக்கும். இவருக்கு அவை உழைக்கும் பெண்களின் படங்கள். அம்மாவைப் பார்த்துப் பழகிய கண்ணால்தான் மற்றப் பெண்களையும் பார்க்கிறார் என்பது அந்தப் படங்களைப் புரட்டும்போது விளங்கும்.

தண்ணீருக்குள் உழைப்பவர்கள்

அவருடைய படங்களில் பலரும் நினைவில் வைத்திருப்பவை, இராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் படங்கள். மன்னார் வளைகுடாவின் மறு கரை அது. எங்கள் மன்னாரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் இருக்கும் ஊர்.

கடற்பாசி கடலடியில் பாறைகளில் வளரும். அதிலிருந்து எடுக்கும் பசை போன்ற பொருள்கள் இனிப்புப் பண்டங்களிலும் மருந்துகளிலும் சேர்கின்றன. பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி, கையால் அதைப் பறிக்கிறார்கள். பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணி சுற்றுகிறார்கள், கையுறை போடுகிறார்கள். சேலைக்கு மேலே சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பறித்ததை அந்தப் பைக்குள் போட்டு மேலே வந்து ஒரு மூச்சு, பிறகு மறுபடி உள்ளே.

அந்தக் கடற்பகுதியிலுள்ள தீவுகள் 1986 இல் தேசியக் கடற் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பின் தலைமுறையாகப் போன இடத்துக்குப் போவதே குற்றமாகிவிட்டது. கடலும் முன்னைய கடல் அல்ல. சூடு கூடுகிறது, பாசி குறைகிறது. இத்தனையும் அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

பழனிக்குமார் கரையில் நின்று இதை எடுக்கவில்லை. அவர்களோடு வள்ளத்தில் போய், அவர்கள் மூழ்கும்போது தானும் தண்ணீருக்குள் இறங்கி எடுத்தார். நீருக்கடியில் சேலை விரிந்து மிதக்க, இரண்டு கையாலும் பாறையைத் துழாவும் பெண்ணைப் பார்க்கும்போது "ஐயோ பாவம்" என்று சொல்லத் தோன்றாது. "இந்தத் தொழிலை நான் செய்வேனா?" என்றுதான் தோன்றும். பரிதாபத்தைக் கடந்து மதிப்புக்கு எங்களைக் கொண்டுபோகும் படங்கள் அவை. கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கரைகளில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கும் எங்கள் சகோதரிகள் அவற்றைப் பார்த்தால் தங்கள் கைகளை அடையாளம் காண்பார்கள்.

இன்னொரு படத்தொகுதி சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. இருளர் பழங்குடியைச் சேர்ந்த, எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறார். வலை இல்லை, தூண்டில் இல்லை. ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். இரண்டு கைகளும் சேற்றுக்குள். அகப்பட்ட இறாலைக் கூடைக்குள் போடுகிறார். அந்த ஆற்றில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் கலக்கிறது. இறால் குறைந்து, தோலில் வருத்தமும் வருகிறது. படத்தில் பின்னால் ஆலைகள் தெரிகின்றன, முன்னால் கூடையைக் கடித்திருக்கும் வாய் தெரிகிறது. அந்த ஆற்றுக்கு நடந்ததை ஒரு நீண்ட கட்டுரையைவிட அந்த முகம் நன்றாகச் சொல்லிவிடுகிறது.

உப்பளமும் துறைமுகமும்

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களையும் அவர் படமெடுத்திருக்கிறார். எழுத்தாளர் அபர்ணா கார்த்திகேயன் எழுத, இவர் படமெடுத்து, 2021 இல் வெளிவந்த கட்டுரை அது. கண் கூசும் வெள்ளை வெயில், காலின் கீழே உப்பு நீர், கையில் உப்பு வாரும் நீண்ட பலகை. ஆனையிறவிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் உப்பளம் பார்த்தவர்களுக்குக் காலில் அந்த எரிவு தெரியும். நாங்கள் கறிக்குப் போடும் ஒரு சிட்டிகை உப்புக்குள் ஒரு பெண்ணின் பாத வெடிப்பு இருக்கிறது என்று அந்தப் படங்களைப் பார்த்தபின் மறக்க முடியாது.

கடலூர்த் துறைமுகத்தில் வயதான ஒரு பெண், மற்றவர்கள் கழித்துவிடும் மீன் தலை, செதில், இறால் ஓடு ஆகியவற்றைச் சேர்த்துக் காயவைத்துக் கோழித் தீனிக்கு விற்கிறார். மீன் ஏலம் எடுக்கப் பணம் இல்லாதவருக்குக் கழிவுதான் முதல். பல பத்து ஆண்டுகள் அந்தத் துறைமுகத்தில் உழைத்தும், மீன்பிடித் தொழிலாளி என்று எந்தப் பதிவிலும் அவரைப் போன்றவர்கள் சேர்வதில்லை. இவருடைய படத்தில் அவர் கழிவுக் குவியலின் நடுவே ஒரு முதலாளியைப் போல நிமிர்ந்து இருக்கிறார்.

கவனியுங்கள், இந்தப் பெண்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் அந்தக் காப்பகத்துக்குச் சொன்ன பெயர்கள் அவை. ஆனால் அந்தப் படங்கள் வெளிவந்த இடத்தில் ஒவ்வொன்றின் கீழும் அவர்களுடைய பெயரும் ஊரும் இருக்கின்றன. அவர்கள் பேசியதும் இருக்கிறது. "மீனவப் பெண்" என்று பொதுவாகப் போட்டு முடிப்பதில்லை.

சாட்சியாக நிற்கும் படம்

எல்லாப் படங்களும் உழைப்பின் அழகைச் சொல்பவை அல்ல. பழனிக்குமார் அதிக காலம் செலவழித்தது, மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைப் பதிவு செய்வதில். திவ்யபாரதி இயக்கி 2017 இல் வெளிவந்த 'கக்கூஸ்' என்ற ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர்தான்.

இந்தியாவில் இந்த வேலையைத் தடுக்க 1993 இலும் 2013 இலும் சட்டங்கள் வந்தன. ஆனாலும் கழிவுநீர்க் குழிகளுக்குள் இறங்கிய ஆண்கள் நச்சு வாயுவால் இறந்துகொண்டே இருந்தார்கள். 1993 முதல் அவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் இந்திய ரூபா வழங்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. 2023 ஒக்டோபரில் அந்தத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது.

தீர்ப்பு தாளில் இருந்தாலும், பணம் கைக்கு வர அலைய வேண்டியவர் மனைவி. இறந்தவர் குழிக்குள் இறங்கியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். வேலைக்கு அமர்த்தியவர் தனக்குத் தெரியாது என்பார். கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் அந்த இளம் மனைவிமாரின் படங்களைப் பார்க்கும்போது எங்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். கச்சேரி, பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்று நாங்கள் ஏறாத படி எது? மரணச் சான்றிதழ் எடுப்பதா விடுவதா என்று இரவிரவாக யோசித்த பெண்கள் எங்களிடையே எத்தனை பேர்?

இங்கே படம் சாட்சியாகிறது. இந்த மனிதன் இருந்தான், இந்த வேலை செய்தான், இவனுக்கு ஒரு குடும்பம் இருந்தது என்று சொல்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டக் கொட்டிலில் வரிசையாகத் தொங்கிய படங்கள் சொல்வதும் அதையே. அந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டிருந்த தாய்மாரில் பலர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள். படங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கமெரா கை மாறும்போது

பழனிக்குமாரின் வேலைக்கு மதிப்பும் கிடைத்தது. இந்தியாவின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞரான தயானிதா சிங், தனக்கு 2022 இல் கிடைத்த ஹசல்பிளாட் என்ற சர்வதேசப் பரிசைத் தொடர்ந்து பாரியோடு சேர்ந்து ஆவணப் புகைப்பட விருது ஒன்றை ஏற்படுத்தினார். அந்த விருதை முதலில் பெற்றவர் மீன் விற்கும் அம்மாவின் இந்த மகன்தான்.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அவர் தன்னிடமுள்ள கலையைப் பூட்டி வைக்கவில்லை. துப்புரவுத் தொழிலாளர், மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கப் பழக்குகிறார். நாகப்பட்டினக் கரையில் மீன்பிடித் தொழில் செய்யும் பெண்களும் அவரிடம் கமெரா பிடிக்கப் பழகித் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுத்திருக்கிறார்கள். வலையில் மீன் கழற்றும் கையும், கூடை சுமக்கும் தலையும், தாயின் முகமும் அவர்களுடைய படங்களில் இருக்கின்றன. வெளியாள் ஒருவர் ஒரு கிழமை நின்று எடுத்தாலும் அவருக்கு அகப்படாத சில கணங்கள் வீட்டுக்காரிக்கு அகப்படும். எந்த நேரம் களைப்பு, எந்த நேரம் சிரிப்பு என்று அவளுக்குத்தானே தெரியும்?

நாங்கள் கேட்க வேண்டியவை

இந்தக் கலைஞரின் வேலையிலிருந்து எங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வோம். கமெராவோடு ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், அவர் பத்திரிகையாளராக இருக்கலாம், நிறுவன உத்தியோகத்தராக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினராகவும் இருக்கலாம். கீழே உள்ளவற்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதலாவது, படம் எதற்கு, எங்கே வரும் என்று கேளுங்கள். ஓர் அறிக்கைக்கு என்று எடுத்த படம் முகநூலில் வந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும், பிள்ளையின் பாடசாலையில் பார்ப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால்தான் "ஓம்" என்பதா "வேண்டாம்" என்பதா என்று முடிவெடுக்கலாம்.

இரண்டாவது, "வேண்டாம்" என்று சொன்னால் உதவி நின்றுவிடும் என்று பயப்படாதீர்கள். தையல் மெசினுக்கும் கோழிக்கூட்டுக்கும் உங்கள் முகம் விலை அல்ல. படம் எடுக்கவிட்டால்தான் உதவி என்று யாராவது சொன்னால், அதை அவருடைய மேலதிகாரியிடமோ பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள்.

மூன்றாவது, பெயர். பெயரோடு வரும் படமே மதிப்பான படம் என்று மேலே சொன்னேன். ஆனால் எங்கள் மண்ணில் பெயர் தெரிந்ததால் ஆபத்து வந்த காலமும் இருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் உண்டு, அயலவர் கதை கட்டியதும் உண்டு. ஆகவே பெயரைச் சொல்வதும், மாற்றிப் போடச் சொல்வதும், முகம் தெரியாமல் எடுக்கச் சொல்வதும் உங்கள் முடிவு. தீர்மானிக்க வேண்டியவர் எடுப்பவர் அல்லர்.

நான்காவது, அழும்போது எடுக்க வேண்டாம் என்று சொல்லலாம். நீங்கள் தைக்கும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது, கடையில் கணக்குப் பார்க்கும்போது எடுக்கச் சொல்லலாம். பழனிக்குமாரின் பெண்களைப் போல, வேலை செய்யும் நீங்களும் நீங்கள்தான்.

ஐந்தாவது, படத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இன்றைக்கு அது பெரிய செலவு இல்லை. கைத்தொலைபேசிக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

வீட்டில் மிஞ்சிய படங்களுக்கு

எரிந்தவை, மூழ்கியவை போக மிஞ்சிய பழைய படங்கள் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றச் சில சிறு யோசனைகள்.

படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது. பேனை மை காலப்போக்கில் ஊறி முன்பக்கத்துக்கு வரலாம். இந்த விபரம் தெரிந்த கடைசி ஆள் நீங்களாக இருக்கக்கூடும், அதனால் பிந்த வேண்டாம்.

படங்களை லமினேட் செய்யாதீர்கள். பசையுள்ள அல்பங்களிலும் ஒட்டாதீர்கள். பிறகு கழற்றினால் படம் கிழியும். காய்ந்த காகித உறைக்குள், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் யன்னல் ஓரம் படத்தை மட்டமாக வைத்து, பிளாஷ் போடாமல், கைத்தொலைபேசியை நேர் மேலே பிடித்து எடுத்தால் நல்ல பிரதி கிடைக்கும். அதை வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டுக்கு என்ன நடந்தாலும் இன்னொரு வீட்டில் படம் இருக்கும்.

காணாமலாக்கப்பட்டவரின் படம் உங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தால் அதை யாரிடமும் கையளிக்காதீர்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமானாலும், ஆணைக்குழுவானாலும், பத்திரிகையாளரானாலும் பிரதியைக் கொடுங்கள். கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதற்படம் வீட்டில் இருக்கட்டும்.

இந்த மாதம் ஒரு வேலை

எங்களிடையே இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு. அதற்குள் பிள்ளைகளின் பிறந்தநாள் படமும் கோயில் திருவிழாப் படமும் நிறைய இருக்கும். அவற்றை எடுத்தவர் பெரும்பாலும் அம்மா. அதனால் அவர் எந்தப் படத்திலும் இல்லை.

இம்மாதம் உங்கள் குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் மற்றொரு சகோதரியின் படத்தை, அவருடைய அனுமதியோடு, அவர் வேலை செய்யும் இடத்தில் எடுத்துக்கொண்டு வாருங்கள். பனையோலை பின்னும் கை, மிளகாய் அரைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கும் உருவம், கருவாடு காயவைக்கும் முதுகு, எதுவானாலும் சரி. எடுக்கும்போது அவரோடு கொஞ்ச நேரம் இருங்கள். அந்தத் தொழிலை எப்போது, யாரிடம் பழகினார் என்று கேளுங்கள். அவர் விரும்பினால் பெயரை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள், அவர் சொன்ன ஒரு வசனத்தையும் எழுதுங்கள். பிறகு அந்தப் படத்தை முதலில் அவருக்கே கொடுங்கள்.

அடையாள அட்டையில் இருக்கும் முகத்தைவிட அதில் இருக்கும் முகம் அவருக்குப் பிடிக்கும். அவருடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் அதைக் கையில் எடுத்து, "இது எங்கட அம்மம்மா, இதுதான் அவ செய்த வேலை" என்று சொல்வார்கள்.